கேலிக்கும் முறை உண்டு

காலை ஆறு மணி. ஆண்கள் பொது வார்டில் ராத்திரி டூட்டி முடியப்போகிற நேரம். ஊசி, மாத்திரை, பிபி, சுகர் எல்லாவற்றையும் பார்த்து முடித்து அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்க வேண்டும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டிருந்த இடம் வீங்கிவிட்டது. கழற்றி வேறு இடத்தில் குத்த வேண்டும். அவரோ கையைப் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வயது சிஸ்டர் கட்டிலோரம் வந்து நிற்கிறார்.

“கையத்தான கேக்கேன் தாத்தா. ஆத்தங்கரை வயலயா எழுதிக் கேக்கேன்?”

“வயலத்தான் சொசைட்டில வச்சாச்சே. மிச்சம் இருக்கது இந்தக் கை ஒண்ணுதான் தாயி.”

“அப்ப இதையும் என்கிட்ட அடமானம் வையுங்க. ரெண்டு நாள்ல மீட்டுத் தந்துருதேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிடுகிறார். பெரியவரும் சிரிக்கிறார். கை வெளியே வருகிறது.

கேஸ் ஷீட்டில் இதெல்லாம் ஏறாது. வென்ஃப்ளான் மாற்றப்பட்டது என்ற ஒரு வரிதான் ஏறும். பொதிகையில் பிறந்த தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேரும்வரை இரு கரையிலும் எத்தனை ஆஸ்பத்திரிகள்! அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, ஸ்ரீவைகுண்டம் என்று எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் இந்த ரகப் பேச்சு காதில் விழும். திருநெல்வேலிக்காரர்களுக்கு இது ஒரு விசேஷமாகவே படாது. நக்கல் கலக்காமல் நாலு வார்த்தை பேசினால் உடம்புக்கு என்னவோ ஏதோ என்று விசாரிக்கிற ஊர் இது. ஆனால் அந்தக் கால் நிமிஷத்துக்குள் நடந்ததைப் பிரித்துப் பார்க்க உலகமெங்கும் ஆய்வாளர்கள் எத்தனையோ வருஷமாக மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்புக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சிரிப்பு அடிப்படையில் மூச்சுக் காரியம். உதரவிதானமும் விலாத் தசைகளும் சேர்ந்து மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரொவைன் அளந்தபோது, ஒவ்வொரு ‘ஹா’வும் ஒரு விநாடியில் சுமார் 75/1000 பங்கு நீடித்தது, ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடித்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2012-இல், கூட்டமாகச் சிரித்தவர்களால் சற்றுக் கூடுதலாக வலி தாங்க முடிகிறது என்று காட்டியது. 2017-இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வாளர்கள் பன்னிரண்டு ஆண்களை நண்பர்களோடு உட்காரவைத்து நகைச்சுவைப் படத்துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு மூளையை ஸ்கேன் எடுத்தபோது, மார்பின் போய் ஒட்டிக்கொள்கிற அதே ஏற்பிகளில் உடம்பே தயாரித்த வலிநீக்கிகள் சேர்ந்திருந்தன. பன்னிரண்டு பேர், அதுவும் ஏற்கெனவே நண்பர்கள் என்பதை மறக்க வேண்டாம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் போய் இந்த ஆய்வைச் சொன்னால், “சிரிக்க வைக்காத தாயி, தையல் பிரிஞ்சிரும்” என்பார். வயிற்றைக் கீறித் தைத்தவர்களுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றுதான். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருவதும் சிஸ்டர்தான்.

சிரிப்பே மருந்து என்ற பேச்சு இந்த இடத்தில் எப்போதும் தலை நீட்டும். அதற்குக் காரணமான மனிதர் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-இல் முதுகெலும்பைப் பிடிக்கும் நோய் என்று சொல்லப்பட்டதும், ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். 1976-இல் மருத்துவ இதழில் கட்டுரை, 1979-இல் புத்தகம், அதன்பிறகு உலகம் முழுக்கச் சிரிப்பு மன்றங்கள். நமக்கு 2004-இல் வசூல்ராஜா வந்து கட்டிப்பிடி வைத்தியம் பார்த்தார். ஒரு தனி மனிதரின் அனுபவத்தை மறுக்க முடியாது, அதை மருந்தாக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சுற்றி 35 முதியோர் இல்லங்களில் முறையாகச் சோதித்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். நகைச்சுவைக் கலைஞர்கள் வந்துபோன இல்லங்களில் முதியவர்களின் மனச்சோர்வு குறையவில்லை. படபடப்பும் ஆர்ப்பாட்டமும் மட்டும் குறைந்தன. என்னைக் கேட்டால், மருந்து என்ற வேஷத்தில் சிரிப்பு சுமாரான சரக்குதான். அதன் உண்மையான வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் கிரேயும் அவருடைய சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனை அந்த இடத்தைக் காட்டுகிறது. ஒருவரையொருவர் அறியாத 112 மாணவர்களை நாலு நாலு பேராக உட்காரவைத்தார்கள். சில குழுக்களுக்கு நகைச்சுவை நிகழ்ச்சி, சிலவற்றுக்குக் கோல்ஃப் பாடம், மீதிக்கு இயற்கைக் காட்சிப் படம். பிறகு, உங்களைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்படி ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். சேர்ந்து சிரித்தவர்கள் எழுதியதில் அந்தரங்கம் கூடுதலாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், தாங்கள் கூடுதலாகச் சொல்லிவிட்டோம் என்பது எழுதியவர்களுக்கே தெரியவில்லை. வாசித்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இதை அப்படியே முக்கூடலுக்கோ ஆலங்குளத்துக்கோ கொண்டுவாருங்கள். வீட்டு நடையில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்கு வருகிற மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்பது தனிக் கேள்வி.

“மாத்திரை ஒழுங்காப் போடுதீயளா ஆச்சி?”

“போடுதேன்.”

இந்தப் ‘போடுதேன்’ ஒரு மரியாதைச் சொல். வீட்டுக்கு வந்தவரிடம் ‘சாப்பிட்டாச்சு’ என்கிற மாதிரி. இதை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டால் வேலை முடிந்தது, விஷயம் முடியவில்லை. சாமர்த்தியசாலியான செவிலியர் அடுத்த கேள்வியை வேறு மாதிரி போடுவார்.

“நீங்க போடுதீயளா, இல்ல கோழிக்குப் போடுதீயளா? ஒங்க வீட்டுக் கோழிக்கு சுகரே இல்லன்னு தெருவுல பேச்சா இருக்கு.”

ஆச்சி வாய்விட்டுச் சிரிக்கிறாள். சிரித்து முடித்த மூச்சில் வருகிறது உண்மை: “கோழிக்கும் போடல, ஒண்ணும் போடல. போட்டா கிறுகிறுன்னு வருது. கைநடுக்கம் வந்து பீடி சரியா விழல. அதான் ஒருநாள் விட்டு ஒருநாள்.”

இந்த ஒரு பதிலில் ஒரு டாக்டருக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. கிறுகிறுப்பு, கைநடுக்கம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கணக்கு முடிக்கிற அவசரத்தில் பதினோரு மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்தால், சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை அளவுக்குமேல் கீழே இறக்கிவிடும். ஆச்சி மாத்திரையை நிறுத்தியது அசட்டையால் வந்ததில்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் ஒரு பக்கவிளைவைச் சமாளித்திருக்கிறாள். மருந்தின் அளவையோ வேளையையோ மாற்றினால் தீர்ந்துவிடும் காரியம். ‘ஒழுங்கா மாத்திரை போடணும், இல்லேன்னா கால எடுத்துருவாங்க’ என்று மிரட்டியிருந்தால் இந்தத் தகவல் கிடைத்திருக்காது. இன்னொரு ‘போடுதேன்’தான் கிடைத்திருக்கும்.

திருநெல்வேலியில் இன்னொரு ரகசியமும் உண்டு. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மறு ஆண்டே அலோபதி மருத்துவக் கல்லூரியும் வந்தது. இரண்டு சீட்டையும் ஒரே மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய் வருகிறவர்கள் ஏராளம். இதில் தப்பு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் சாப்பிடுவதை மறு பக்கத்திடம் மறைப்பதுதான் ஆபத்து. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ‘வேற மருந்து ஏதும் சாப்பிடுதீயளா’ என்று அதிகாரமாகக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. “தலகாணிக்கு அடியில என்ன டப்பா? எனக்கும் கொஞ்சம் லேகியம் தாங்களேன் அண்ணாச்சி, நைட் டூட்டி பாத்து நரம்பெல்லாம் தளந்து போச்சு” என்றால் டப்பா தானாக வெளியே வரும். மருத்துவத் துறையில் நம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுவது நடைமுறையில் இதுதான்: மறைத்து வைத்த டப்பாவை எடுத்துக் காட்டுவது.

சரி, இருபத்தைந்து வயதுப் பெண், முன்பின் தெரியாத எழுபது வயது ஆணைக் கேலி செய்யும் உரிமையை எங்கிருந்து பெற்றாள்? இதற்குப் பதில் அவள் பேசிய முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. தாத்தா என்று கூப்பிட்டாளே, அங்கிருந்துதான்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் கேலி உறவுகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சில உறவுகளில் கேலி செய்யலாம் என்பது மட்டுமில்லை, செய்தே ஆக வேண்டும். கேட்பவர் கோபப்படக் கூடாது. ஆப்பிரிக்கச் சமூகங்களை முக்கியமாக வைத்து அவர் எழுதியதை நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலே பார்க்கலாம். அத்தை மகன், மாமன் மகள், மயினி, கொழுந்தன் என்றால் வாய்க்குப் பூட்டு கிடையாது. மாமனாருக்கு எதிரே மருமகள் பல்லைக் காட்ட மாட்டாள். தாத்தா பாட்டிக்கும் பேரன் பேத்திக்கும் நடுவிலும் இந்தக் கேலி லைசென்ஸ் உண்டு என்று அவர் எடுத்துச் சொன்னார். ‘எங்க தாத்தாவுக்கு இன்னொரு பொண்ணு பாக்கணும்’ என்று ஏழு வயதுப் பேத்தி சொன்னால் வீடே சிரிக்கும்.

நெல்லைச் செவிலியர்கள் இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் எந்த முறையை எடுத்தால் கேலிக்கு இடமுண்டு, வம்புக்கு இடமில்லை என்பது அவர்களுக்கு அத்துபடி. மாமா என்று கூப்பிடுவதைக் கவனமாகத் தவிர்ப்பார்கள். அது கொள்வினை கொடுப்பினை முறை. இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் ‘நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு’ என்ற விசாரணை பின்னாலேயே வரும்; அந்தக் கேள்வி எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, ராத்திரி டூட்டியில் தனியாக நிற்கிற பெண்ணிடம் ஒரு நடுவயது ஆண் அந்த உறவைச் சாக்காக வைத்து வாய் நீட்டவும் வாய்ப்புண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்துப் பாலியல் சீண்டலுக்குத் தண்டனை சொல்கிறது, வாஸ்தவம். ஆனால் புகார் எழுதுகிற நிலைமைக்குப் போகாமல் முதலிலேயே வேலி போடுவது ‘அண்ணாச்சி’யும் ‘தாத்தா’வும்தான். மேலப்பாளையத்து முஸ்லிம் பெரியவர் என்றால் ‘வாப்பா’. சாதி கேட்காத, கல்யாணத்துக்கு வழி திறக்காத, ஆனால் கேலிக்குக் கதவு சாத்தாத உறவுகள் இவை. இதை எந்த நர்சிங் பாடத்திட்டமும் சொல்லித் தரவில்லை.

ராட்கிளிஃப்-பிரவுன் இன்னொன்றும் கவனித்தார். கேலி உறவு இரண்டு வகை. ஒன்றில் இருவரும் மாறி மாறிக் கேலி செய்துகொள்ளலாம். மற்றதில் ஒருவர் செய்வார், மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி நகைச்சுவையில் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். அந்தப் பெரியவர் ‘வயலத்தான் சொசைட்டில வச்சாச்சே’ என்று திருப்பி அடித்தார். உண்மையில் அவருடைய அடிதான் பலமானது. கை வெளியே வந்ததற்கு அதுவே காரணம் என்பேன்.

பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரைக் கேலி செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரசவ அறையைத்தான் காட்ட வேண்டும். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, ‘புருஷன்கிட்ட போறப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு’ என்கிற ரகப் பேச்சு நம் நாட்டுப் பிரசவ அறைகளில் புதிதல்ல. சொன்னவருக்கு அது ஜோக். பக்கத்தில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். அந்தப் பெண் அப்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் ஐந்து வருஷம் கழித்தும், அடுத்த பிரசவத்துக்கு எங்கே போவது என்று முடிவு செய்யும்போதும், தங்கச்சிக்கு யோசனை சொல்லும்போதும் அந்த வாக்கியம் அப்படியே ஞாபகத்தில் இருக்கும். 2017 டிசம்பரில் மத்திய அரசு ‘லக்‌ஷ்யா’ திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பிரசவ அறையின் தரத்தோடு தாயை மரியாதையாக நடத்துவதையும் சேர்த்தார்கள் என்றால் சும்மா இல்லை. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் நாலு இடங்களில் எள்ளலையும் ஒன்றாகச் சொன்னார். எள்ளி நகைப்பதும் சிரிப்புத்தான் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. நமக்குத்தான் சிரிப்பு என்றாலே நல்லது என்ற நினைப்பு.

யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பார்க்கச் செவிலியர்கள் போன 132 சந்திப்புகளை ஆடம்ல், லட்விக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கவனித்து 2005-இல் எழுதினார்கள். நூற்றுக்கு 85 சந்திப்புகளில் நகைச்சுவை இருந்தது. அதில் பத்துக்கு ஏழு முறை தொடங்கி வைத்தது நோயாளி! சாகப்போகிறவர்தான் ஜோக் அடிக்கிறார். செவிலியரின் வேலை, சிரிக்கலாமா கூடாதா என்று தயங்கி முகத்தை இறுக்கிக்கொள்ளாமல் அதை வாங்கிக்கொள்வது. நோயாளி அடிக்கிற ஜோக்குக்குள் புகாரும் இருக்கும். ரோஸ் லாப் கோசர் என்ற சமூகவியலாளர் 1959-இலேயே இதைக் கண்டுகொண்டார். வார்டில் நோயாளிகள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பதில் பல, நேராகச் சொல்லப் பயப்படுகிற குறைகள். ‘இன்னிக்கு சாம்பார்ல நம்ம தாமிரபரணி தண்ணி நல்லா இனிக்கி’ என்று ஒருவர் சொன்னால், சாம்பாரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரரையும் விட்டுவிடக் கூடாது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட ஆள் சேர்ந்திருக்கும்போது மனிதர் முப்பது மடங்கு கூடுதலாகச் சிரிக்கிறார் என்று புரொவைன் கணக்கிட்டார். பொது வார்டின் நெருக்கடியில் ஆயிரம் குறை உண்டு, ஆனால் தனி அறையில் கிடைக்காத இந்தச் சரக்கு அங்கே உண்டு. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருந்து குறுக்குக் கேள்வி கேட்கிறவர் மாதிரி பக்கத்துக் கட்டில்காரர். அவர் இல்லாவிட்டால் கதை நகராது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, கலைவாணரிடம் போய்ச் சேர்ந்து, வில்லுப்பாட்டில் சிரிப்பைக் கலந்த சுப்பு ஆறுமுகத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

அதனால் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சிஸ்டரிடம் வாய் கொடுத்துக்கொண்டிருந்தால், ‘சும்மா கெடங்க, அவங்க தப்பா நெனப்பாங்க’ என்று அடக்காதீர்கள். எல்லை மீறினால் அந்த சிஸ்டருக்கே நிறுத்தத் தெரியும்.

டாக்டர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள்? கோசர் 1960-இல் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களில் அடித்த ஜோக்குகளை எண்ணிப் பார்த்தார். பெரிய டாக்டர்கள் அதிகம் அடித்தார்கள், கீழே போகப் போகக் குறைந்தது. இளையவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த மூத்தவரைக் கேலி செய்யவே இல்லை. நோயாளியையோ தங்களையோதான் செய்துகொண்டார்கள். நம் ஊர் ரவுண்ட்ஸைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சீஃப் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள்.

1997-இல் வெண்டி லெவின்சனும் குழுவினரும் ஒரேகான், கொலராடோ மாநிலங்களில் 124 டாக்டர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். பொது மருத்துவர்களில், நோயாளிகள் வழக்குப் போடாத டாக்டர்கள், வழக்கைச் சந்தித்தவர்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள், நகைச்சுவையாகப் பேசினார்கள். அறுவை மருத்துவர்களிடம் இந்த வித்தியாசம் தென்படவில்லை. சிரித்ததால் வழக்கு வரவில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. சிரிக்கிற டாக்டர்கள் வேறு ஒன்றும் செய்தார்கள்: ஒவ்வொரு நோயாளியோடும் சராசரியாக 18.3 நிமிஷம் இருந்தார்கள். மற்றவர்கள் 15 நிமிஷம். சிரிக்க அந்த மூன்று நிமிஷம் வேண்டியிருக்கிறது.

அந்த மூன்று நிமிஷம் நம் சிஸ்டரிடம் இருக்கிறதா? மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. நம் வார்டுகளில் ராத்திரி நேரம் உள்ளே போய்க் கட்டில்களை எண்ணிவிட்டு, வெள்ளைச் சீருடைகளையும் எண்ணிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடப்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். செவிலியர்கள் கனிவாகவும் நகைச்சுவையாகவும் பேசப் பயிற்சி முகாம் நடத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால், முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லுங்கள். பேச்சை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.